உபதேசியார் திட்டித் தீர்த்த படம்

எங்கள் ஊர் உபதேசியாருக்குப் பிடித்தது என்று உலகத்தில் ஏதாவது இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை. பென்னாகரம் பஸ் வந்தால் அதன் புகை பிடிக்காது. வராவிட்டால் டிரைவரின் பரம்பரையே பிடிக்காது. மழை பெய்தால், "என்னத்த பேயுது, பூனை மூத்திரம் பேஞ்ச மாதிரி" என்பார். பெய்யாத வருடங்களில் வானத்தை அண்ணாந்து பார்த்து மூக்கால் ஒரு சத்தம் போடுவார். அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது. சளி இல்லாத ஆள் சளி சிந்தினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். அதை வாங்கிக்கொண்ட பொருள் அதற்குப் பிறகு தேறியதாகச் சரித்திரம் இல்லை.

எங்களுடையது சின்னக் கிறிஸ்தவக் கிராமம். பங்குச்சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பூசைக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், கல்யாண அறிவிப்பு, சாவு வீட்டுச் செபமாலை எல்லாம் உபதேசியார் பாடு. ஒல்லியான மனிதர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மணியில்லாத சைக்கிள். "மணி எதுக்கு? நான் வர்றது தெரியாதவன் அடிபடட்டும்" என்பார். மைக் இல்லாத கோவிலில் கடைசி வரிசைக் கிழவர் வரைக்கும் எழுப்பிவிடுகிற குரல்.

அவருடைய உச்சபட்சப் பாராட்டு ஒரே சொல்தான்: "கெட்டுப்போகலை." பிள்ளை ஒன்று முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் பிரியாணியை வாயில் வைத்துவிட்டு இதைச் சொன்னார். காரிமங்கலத்திலிருந்து வந்திருந்த சமையல்காரர் அண்டாவுக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன். விஷயம் தெரிந்தவர்.

சாவு வீட்டிலும் அவர் நாக்கு அடங்காது. உள்ளே நுழைந்ததும் கிடத்தியிருப்பவரை மேலிருந்து கீழே ஒருமுறை பார்ப்பார்.

"ஏம்மா, இந்தக் கந்தலோடயா அனுப்பப் போறீங்க? அங்க போயி நம்ம ஊரு மானத்தை வாங்கவா? நல்ல சட்டை ஒண்ணுகூட இல்லியா உங்க வூட்டுல?"

அழுதுகொண்டிருக்கிறவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவரைத் திட்டத் தொடங்குவார்கள். அதற்குள் அவர் வீட்டுக்குப் போய்த் தம்முடைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து திண்ணை மேல் எறிவார். "பித்தான் ரெண்டு இல்ல. படுத்திருக்கறவனுக்கு அது போதும்." கிறிஸ்துமஸுக்குப் பங்குச்சாமியார் அவருக்குத் துணி எடுத்துக் கொடுப்பது வழக்கம். தவக்காலத்துக்குள் அது மண்ணுக்குள் போயிருக்கும். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் பாதிப் பேர் உபதேசியார் சட்டையில்தான் உயிர்த்தெழப் போகிறார்கள் என்று நான் ஒருதடவை சொன்னேன். அவர் காதில் விழுந்துவிட்டது. "நீ செத்தா வெறும் ஒடம்போட போ" என்றார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் பங்குச்சாமியார் இன்னொரு வேலையையும் ஒப்படைத்திருந்தார். பென்னாகரத்துக் கொட்டகையில் எந்தப் படம் வந்தாலும் சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு, சபையார் அதைப் பார்க்கலாமா கூடாதா என்று ஞாயிற்றுக்கிழமை சொல்ல வேண்டும். பார்க்கலாம் என்று அவர் சொன்ன படம் இதுவரை எடுக்கப்படவில்லை. ஒரு அர்ச்சிஷ்டவரின், அதாவது புனிதரின், வாழ்க்கையைப் படமாக எடுத்து வந்தார்கள். எங்கள் ஊரே வண்டி கட்டத் தயாராக இருந்தது. "அர்ச்சிஷ்டவரு கையில வாட்ச் கட்டின தடம் தெரியுது" என்று ஒரே வரியில் வண்டியை அவிழ்க்க வைத்தார்.

எண்பதுகளின் நடுவில் அந்தப் படம் வந்தது. அப்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் அதே ஊர். எனக்கு மாமா முறையாகிறவரின் மகள். எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று அறிவிப்பார்கள். முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னும் இரண்டு. மாமா விதித்திருந்த ஒரே நிபந்தனை, "சினிமாவுக்குப் போற பயலுக்கு எம் பொண்ணு இல்லீங்க" என்பது. சும்மா பேச்சுக்குச் சொன்னதில்லை. அதற்கு முன்னால் ஒரு வரன், சட்டைப்பையில் ஒரு நடிகையின் படம் வைத்திருந்த குற்றத்துக்காக நிச்சயதார்த்தத் தாம்பூலத்தோடு திருப்பி அனுப்பப்பட்டவன். ஆகவே நிச்சயமான நாளிலிருந்து சினிமா போஸ்டர் ஒட்டிய சுவர்ப்பக்கம்கூட நான் திரும்பாமல் நடந்தேன். இரண்டு தடவை மாட்டின்மேல் மோதினேன்.

என்னைக் கெடுத்தது உபதேசியார்தான். இரண்டாவது ஓலை வாசிக்க வேண்டிய ஞாயிறு. ஜெபம் முடிந்தது. தொண்டையைச் செருமினார்.

"பென்னாகரத்துல ஒரு படம் ஓடுது. யாரும் போகக் கூடாது. ஏன்னு சொல்றேன்."

சபை முழங்காலை மாற்றிப் போட்டு வசதியாக உட்கார்ந்தது.

"படம் பூரா இருட்டு. எவன் எவனை வெட்டறான்னு தெரியல. செத்தவன் மறுபடி வந்து பேசறான், பாத்தா அவன் வேற ஆளு. எந்நேரமும் மழை. அந்த மழை நம்ம ஊருல பேஞ்சிருந்தா நான் நெல்லு நட்டிருப்பேன். போலீஸ்காரன் குடிக்கறான், கொலைகாரன் குடிக்கல, இது என்ன நாயம்? ஒருத்தனை வீச்சரிவாள்ல வெட்டறான். சத்தம் எப்படி வருதுன்னா, பூசணிக்காயை வெட்டற சத்தம். பூசணிக்காயத்தான் வெட்டியிருக்கானுங்க. ரத்தம் ரோஸ் கலரு. கொலை பண்ணின லாரி முதலாளி கையைக் கழுவிட்டு உக்காந்து முட்டை தோசை திங்கறான். மஞ்சக்கரு வழியுது. அதை விரல்ல தொட்டு நக்கறான். கடைசி வரைக்கும் அவனுக்கு ஒண்ணும் ஆகல. ஏறி உக்காந்து லாரிய எடுத்துட்டுப் போயிடறான்."

பெண்கள் பக்கத்தில் யாரோ எச்சில் விழுங்கிய சத்தம் கேட்டது. எனக்கும் ஊறியது. திட்டுவதற்காகவே இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்த மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

"அப்புறம் ஒரு பொம்பளை" என்றார். "புருஷன் குத்துப்பட்டு வாசப்படியில வந்து விழுந்து செத்துப்போறான். அழணுமில்ல? அழல. அவன் சட்டையைக் கழட்டி எடுத்துட்டுப் போயி கல்லுல வெச்சுத் தொவைக்கறா. பாட்டு இல்ல, மேளம் இல்ல. கேமரா அசையல. தண்ணி செவப்பா ஓடுது. அப்புறம் கொஞ்சம் செவப்பா. அப்புறம்..."

நிறுத்திவிட்டார். மூக்குச் சத்தம் வரப்போகிறது என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். வரவில்லை. பீடத்துத் துணியின் ஓரத்தை ஒருமுறை நீவிவிட்டார்.

"முட்டாள் பொம்பளை" என்றார் பிறகு. "போலீசு வந்து சட்டையைக் கேக்குது, அது கொடியில காயுது. இருந்த ஒரே சாட்சியத் தொவைச்சுட்டா. கொலைகாரன் தப்பிச்சுட்டான். எடுத்தவனுக்கு அறிவு இல்ல. யாரும் போகக் கூடாது."

அதே மூச்சில் என் ஓலையை வாசித்தார். என் பெயர் என் காதில் விழவில்லை. மஞ்சள்கரு மட்டும் வழிந்துகொண்டிருந்தது.

அடுத்து வந்த சந்தை நாளில், தட்டைப்பயறு வாங்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பென்னாகரம் போனேன். பயறும் வாங்கினேன். சாட்சி முக்கியம் என்று உபதேசியாரே சொல்லியிருக்கிறாரே. பயறுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தலையில் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு, மேட்னி ஷோவில் போய் உட்கார்ந்தேன். கொட்டகை முழுக்கச் சந்தைக் கூட்டம். கத்தரிக்காய் மூட்டை, மண்வெட்டிக் காம்பு, யாரோ ஒருவர் மடியில் கால் கட்டிய கோழி. நிறையப் பேர் தலையில் துண்டு. வெயில் காலம், அதனால் இருக்கும் என்று நினைத்தேன். எனக்கு அறிவு அவ்வளவுதான்.

படத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். அது ஒரு மட்டமான படம். போலீஸ்காரர் ஒரு சிகரெட்டைப் பற்றவைக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் என் பயறு முளைவிட்டிருக்கும். யாரும் நேராகப் பேசுவதில்லை. "டீ வேணுமா?" என்றால் "இந்த ஊர்ல எல்லாமே கறைதான்" என்று பதில் வருகிறது. வில்லன் சிரிக்கும்போதெல்லாம் ஒரு டியூப் லைட் விட்டு விட்டு எரிகிறது. இத்தனை கொலைக்கு ஆள் வைத்திருக்கிறவன் ஒரு ஸ்டார்ட்டர் மாற்ற ஆள் வைக்கவில்லை. திரையில் இருட்டைத் தவிர வேறொன்றும் தெரியாமல் போனபோது பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து கத்தினார்:

"ஏய் ஆப்பரேட்டரு, கார்பன் குச்சிய மாத்துடா!"

மேலே ஓட்டையிலிருந்து ஆப்பரேட்டரின் தலை வந்தது. "படமே அப்பிடித்தான்யா! நான் என்ன பண்ணட்டும், விடிய வெக்கட்டா?"

ஆனால் அந்த இருட்டை எடுத்தவனுக்கு ஒன்று தெரிந்திருந்தது. வெட்டும்போது அவன் பயங்காட்டவில்லை. பூசணிக்காய்க்கு யார் பயப்படுவார்கள்? வெட்டாமல் இருக்கும்போதுதான் கொன்றான். போலீஸ்காரர் கொலைகாரனைத் தேடிக்கொண்டு ஒரு பஞ்சு குடோனுக்குள் போகிறார். பல்ப் உடைகிறது. திரை முழுக்கக் கறுப்பு. கரண்ட் போய்விட்டது என்று நாங்கள் நினைத்த நேரத்தில், மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. ஒரு ஆள். பிறகு கொஞ்சம் தள்ளி இன்னொரு ஆள்.

எனக்குப் பயம் வந்தால் முதலில் காது சூடாகும். பிறகு, சேலத்திலிருந்து தர்மபுரி பிரிந்த மாதிரி, கால் இரண்டும் என்னைவிட்டுத் தனியாகப் பிரிந்துவிடும். அன்றைக்கு இரண்டும் பிரிந்துபோயின. ஓடலாம் என்றால் ஓட ஒன்றும் இல்லை. பயறுப் பைக்குள் முகத்தைப் புதைத்தேன். மூக்கில் இரண்டு பயறு ஏறியது. கொட்டகை மூச்சு விடவில்லை. கோழிகூட வாயைத் திறக்கவில்லை. திரையில் அந்த இரண்டு மூச்சும் நெருங்கிக்கொண்டே வந்தன.

அப்போது, எனக்கு இரண்டு வரிசை முன்னால், மைக் இல்லாத கோவிலில் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற ஒரு குரல், நடுங்கிக்கொண்டு எழும்பியது:

"அருள் நிறைந்த மரியே வாழ்க..."

செபமாலையில் உபதேசியார் முதல் பாதியைச் சொல்வார். சபை இரண்டாம் பாதியைச் சொல்லும். பிறந்த நாளிலிருந்து அப்படித்தான். முதல் பாதி காதில் விழுந்தால், தூக்கத்தில் இருந்தாலும் எங்களுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். திறந்துகொண்டது. என் வாயிலிருந்து "புனித மரியே" என்று இரண்டாம் பாதி கிளம்பியபோது, அது என் குரல் மாதிரி இல்லை. ஏனென்றால் அது என் குரல் மட்டும் இல்லை. இடது பக்கத்திலிருந்து வந்தது. பெஞ்சிலிருந்து வந்தது. தட்டிக்கு அந்தப்பக்கம் பெண்கள் பகுதியிலிருந்து நல்ல சுருதியோடு வந்தது. முதுகுக்குப் பின்னால், என் பிடரியில் சூடாகப் படுகிற அளவுக்குப் பக்கத்தில், ஒரு கனத்த ஆண்குரலும் சேர்ந்து சொன்னது. இந்தக் குரலில்தான் ஒருவர் "சினிமாவுக்குப் போற பயலுக்கு எம் பொண்ணு இல்லீங்க" என்று சொல்லியிருந்தார்.

திரையில் போலீஸ்காரர் தீக்குச்சியைக் கிழித்தார். கொட்டகையில் வெளிச்சம் பரவியது. எங்கள் ஊர் மொத்தமும் தலையில் துண்டோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தது.

"யோவ்!" என்றார் கோழிக்காரர். அவர் எங்கள் சபை இல்லை. "படம் பாக்க வந்தீங்களா, பூசை பண்ண வந்தீங்களா?"

உபதேசியார் எழுந்து எங்களைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலையிலும் துண்டு. போன சனிக்கிழமை ஏற்கெனவே பார்த்துத் திட்டிவிட்ட படத்துக்கு அவர் மறுபடி வந்ததற்குக் காரணம் கேட்க எங்களில் ஒருவருக்கும் யோக்கியதை இல்லை.

"என்னத்த முழிக்கறீங்க?" என்றார். "சொல்ல ஆரம்பிச்சா முடிக்கத் தெரியாது? ஆமென் யாரு சொல்றது, உங்க தாத்தனா?"

"ஆமென்" என்றோம்.

அவர் உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் திரும்ப முடியாமல் திரும்பினேன். மாமா ஒரு கையில் முறுக்கோடு இருந்தார். அதைக் கடிப்பதா மறைப்பதா என்று அவருக்கும் தெரியவில்லை.

"மாப்ளே..." என்றார். "சந்தையில பயிறு வாங்கியாச்சுங்களா?"

"ஆச்சுங்க மாமா."

"நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு, திரையைத் தாண்டி எங்கேயோ பார்க்கத் தொடங்கினார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் வந்தாள். புருஷன் வாசற்படியில் விழுந்தான், அவள் சட்டையைக் கழற்றினாள், துவைத்தாள். உபதேசியார் சொன்னது போலவே பாட்டு இல்லை, மேளம் இல்லை. முன்னும் பின்னும் ரோஸ் கலரில் ஓடிய ரத்தம் இந்த ஓர் இடத்தில் மட்டும் எப்படியோ ரத்தமாகவே ஓடியது. நான் அதைப் பாதிதான் பார்த்தேன். மீதிப் பாதி உபதேசியாரைப் பார்த்தேன். முன்சீட்டின் முதுகில் மோவாயை வைத்துக்கொண்டு, தண்ணீர் தெளிகிற வரைக்கும் அசையாமல் இருந்தார். அவள் சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டதும் எழுந்து வெளியே போய்விட்டார். கொலைகாரன் பிடிபடுவானா மாட்டானா என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. அந்த ஒரு சட்டைக்காகத்தான் சைக்கிள் மிதித்து வந்திருக்கிறார்.

மூன்றாவது ஓலைக்கு முந்தைய நாட்கள் முழுக்க நான் ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். மாமா என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார். காட்டிக்கொடுத்தால் முறுக்கும் வெளியே வரும். ஆனால் உபதேசியார்? யாரையும் நல்லவன் என்று நம்பாத மனிதர். "தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்" என்று கேட்டுவிட்டு, "எனக்குத் தெரியும்" என்று அவரே சொல்லிவிட்டால்? எதிர்வீட்டு எருமை என்னை உற்றுப் பார்த்தாலும் அது சாட்சி சொல்லப் போகிறது என்று தோன்றியது. கல்யாணச் சட்டைக்கு அளவெடுத்த டெய்லர், "ஏனுங்க, மூச்சை விட்டுட்டு நில்லுங்க" என்று கெஞ்சினார்.

ஞாயிறு வந்தது. கோவிலில் அப்படியொரு அமைதி பெரிய வெள்ளியன்றுகூட இருந்ததில்லை. கைக்குழந்தைகளுக்கும் சேதி தெரிந்திருந்தது.

"பென்னாகரத்துல ஒரு படம் ஓடுதுன்னு போன வாரம் சொன்னேன்" என்று ஆரம்பித்தார். "யாரும் போயிருக்க மாட்டீங்க."

சபை முழங்காலை மறுபடி மாற்றிப் போட்டது.

"போயிருந்தா தெரிஞ்சிருக்கும், எவ்வளவு மட்டமான படம்னு."

சபையில் பாதித் தலைகள் தம்மையறியாமல் ஆமாம் என்று ஆடின. ஆடியபின் அப்படியே நின்றன. உபதேசியார் ஆடிய தலைகளை வரிசை வரிசையாகப் பார்த்தார். மூக்கால் ஒரு சத்தம் போட்டார். பிறகு என் பெயரையும் அவள் பெயரையும் சொல்லி, மூன்றாவது ஓலையை வாசித்து, "தடை ஏதாச்சும் தெரிஞ்சவங்க சொல்லலாம்" என்றார். மாமாவைப் பார்த்தார். மாமா கூரையில் ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். என் கால்கள் மறுபடியும் தனி மாவட்டமாயின.

"இல்ல" என்று அவரே பதிலும் சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்தப் போய்விட்டார்.

கல்யாணம் நடந்தது. இரண்டொரு நாள் கழித்து, வெற்றிலைபாக்குத் தட்டோடு அவர் வீட்டுக்கு இரண்டு பேரும் ஆசீர்வாதம் வாங்கப் போனோம். கல்யாணச் சாப்பாட்டைத் திட்டினார். என் சட்டையின் தையலைத் திட்டினார். டெய்லர்மேல் பழி போட எனக்கு வாய் வரவில்லை. பிறகு சத்தத்தைத் தாழ்த்தி, "டேய், நீ நாலு எழுத்துப் படிச்சவன். அவ எதுக்குடா அந்தச் சட்டையைத் தொவைச்சா?" என்று கேட்டார்.

"அது படத்துல ஓட்டைங்க உபதேசியாரே" என்றேன். "கொலைகாரன் தப்பிக்கணும், அதுக்குக் கதையில ஒரு வழி வேணும். வேற வழி தெரியாம எடுத்தவன்..."

"போட்டு அனுப்ப அவங்க வூட்டுல வேற நல்ல சட்டை இருந்திருக்காதுங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினேன். என் மனைவி.

"நீ எப்படி... நீ எப்ப பாத்த?"

"ரெண்டாம் பாதி சொல்றப்போ என் கொரலு கேக்கலீங்களா உங்களுக்கு?"

உபதேசியார் எங்களைக் கவனிக்கவில்லை. வாசலில் கட்டியிருந்த கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அவருக்கு அப்போது இருந்தது அது ஒன்றும், உடம்பில் போட்டிருந்தது ஒன்றும்தான். பிறகு என் பக்கம் திரும்பிச் சீறினார்.

"அதை எடுத்தவன் சொல்லணும்டா! உம் பொண்டாட்டியா வந்து சொல்றது?"

அன்று மத்தியானம் கோவில் சுவரோரம் மணியில்லாத சைக்கிளைக் காணோம். படம் அதற்குள் பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு டெண்ட் கொட்டகைக்கு இறங்கியிருந்தது.

அடுத்த ஞாயிறு ஜெபம் முடிந்ததும் தொண்டையைச் செருமினார்.

"பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு படம் ஓடுது" என்றார். "இருட்டு. ரோஸ் கலர் ரத்தம். பூசணிக்காய் சத்தம். யாரும் போகக் கூடாது."

பீடத்துத் துணியின் ஓரத்தை நீவிவிட்டார்.

"ஆனா, கெட்டுப்போகலை" என்றார்.